வியாழனுக்கு அப்பால் கதை எழுதப் போகிறீர்களா? முதலில் ஒரு தாளை எடுங்கள்

வெளிக்கோள்களில் (வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன்) கதையை வைக்கும் புதியவர்கள் பெரும்பாலும் முதல் பத்தியிலேயே ஜன்னல் முழுக்கச் சனியை மாட்டிவிடுவார்கள். சாய்ந்த வளையம், பொன்னிற ஒளி, அதன் முன்னால் யோசனையில் ஆழ்ந்த ஒரு விண்வெளி வீராங்கனை. அந்தப் பத்தி முடிந்ததும் சனி காணாமல் போய்விடும். பிறகு நடக்கிற சண்டை, துரோகம், தப்பித்தல் எல்லாம் எந்த ஊரிலும் நடக்கக்கூடியவை.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. உங்கள் கதையை அப்படியே தூக்கி அண்டார்ட்டிகாவில் வையுங்கள். பெயர்களைத் தவிர வேறெதுவும் உடையவில்லை என்றால், நீங்கள் எழுதியது அண்டார்ட்டிகா கதைதான். அங்கே மட்டுமே நடக்கக்கூடிய ஒரு சங்கடம் கதையின் நடுவில் இருக்க வேண்டும். அந்தச் சங்கடத்தைத் தேடுவதிலிருந்து வேலையைத் தொடங்கலாம்.

1. தொல்லையைப் பார்த்து நிலாவைத் தேர்ந்தெடுங்கள்

வியாழனின் நான்கு பெரிய நிலாக்களையும் கலிலியோ 1610 ஜனவரியில் கண்டார். நான்கும் நான்கு விதம். அவற்றைப் பிரிக்கும் முதல் கோடு அழகல்ல, கதிர்வீச்சு. வியாழனின் காந்தப்புலத்தில் சிக்கிய துகள்கள் உள்பக்கம் சுற்றும் நிலாக்களைச் சல்லடையாகத் துளைக்கின்றன. பாதுகாப்பில்லாமல் மேற்பரப்பில் நிற்கும் மனிதர் ஒரு நாளில் வாங்கும் அளவு ஏறக்குறைய இப்படி: அயோவில் 36 சீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சின் அலகு), யூரோப்பாவில் 5.4, கனிமீடில் 0.08, கலிஸ்டோவில் 0.0001. குறுகிய நேரத்தில் 4 முதல் 5 சீவர்ட் வாங்கினால், சிகிச்சை இல்லாதபோது பாதிப் பேர் இறந்துவிடுவார்கள். 1 சீவர்ட்டிலேயே குமட்டல் தொடங்கிவிடும்.

இந்த எண்களை ஒரு முறை கதைக்குள் ஓட்டிப் பாருங்கள். யூரோப்பாவின் பனிமேல் சாதாரண விண்வெளி உடையுடன் உலா வரும் கதாபாத்திரத்துக்கு ஐந்து மணி நேரத்துக்குள் வயிற்றைப் புரட்டும். மறுநாள் காலை உரையாடலுக்கு அவர் வரமாட்டார். ஆகவே யூரோப்பாவில் குடியிருப்பு என்றால் பனிக்கு அடியில் பல மீட்டர் ஆழத்தில்தான். வெளியே போவது நிமிடக் கணக்கில் எண்ணப்படும் விஷயம். 'யாருடைய கணக்கில் எத்தனை நிமிடம் மிச்சம்?' என்ற கேள்வி ஒரு முழுக் கதைக்குப் போதும். கனிமீட் பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் அங்கே ஒரு நாளில் கிடைக்கும் 80 மில்லிசீவர்ட், அணுத்துறைப் பணியாளருக்கு ஆண்டுக்கு 20 என்று வைத்திருக்கும் வரம்பைப்போல நான்கு மடங்கு. மனிதர் தங்கலாம் என்று நாசாவின் 2003 ஆய்வு ஒன்று கலிஸ்டோவை எடுத்துக்கொண்டது இதனால்தான். பார்க்கச் சப்பென்று இருக்கும், பள்ளங்கள் நிறைந்த அந்தப் பழைய நிலாதான் வியாழனின் வீட்டுமனை.

சனிப் பக்கம் இந்தக் கதிர்வீச்சுத் தொல்லை மிகக் குறைவு. டைட்டனுக்குத் தடித்த காற்று உண்டு. என்செலடஸ் 504 கிலோமீட்டர் விட்டமுள்ள சிறு பந்து. அதன் தென்துருவப் பிளவுகளிலிருந்து நீராவியும் பனித்துகளும் பீறிடுவதை காசினி விண்கலம் 2005இல் காட்டியது. யுரேனஸின் மிராண்டாவில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் உயரமான செங்குத்துப் பாறை. நெப்டியூனின் டிரைட்டன் தன் கோளின் சுழற்சிக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது; வெப்பநிலை மைனஸ் 235 டிகிரி, கருமையான பொருளை 8 கிலோமீட்டர் உயரத்துக்குத் துப்பும் ஊற்றுகள். யுரேனஸையும் நெப்டியூனையும் அருகில் சென்று பார்த்தது வாயேஜர் 2 மட்டும்தான் (1986, 1989). அது பார்க்காத பக்கங்கள் நிறைய இருப்பதால் எழுதுபவருக்கு அங்கே சுதந்திரம் அதிகம்.

ஒரு நிலாவை எடுங்கள். ஒன்றே போதும். முதல் கதையிலேயே ஐந்து நிலாக்களில் ஓடினால் ஐந்தும் ஒரே மாதிரி இருக்கும்.

2. தாளில் ஏழு எண்கள்

ஈர்ப்பு, காற்றழுத்தம், வெப்பநிலை, ஒரு பகலிரவின் நீளம், வானத்தில் தாய்க்கோளின் அளவு, சூரிய ஒளியின் அளவு, பூமிக்குச் செய்தி போகும் நேரம். இந்த ஏழையும் ஒரு தாளில் எழுதி, எழுதும் இடத்தில் கண்ணில் படும்படி ஒட்டிவிடுங்கள். எண்ணை எழுதினால் மட்டும் பயனில்லை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது உடலுக்கு என்ன செய்யும் என்று ஒரு வரி வேண்டும்.

ஈர்ப்பை எடுத்துக்கொள்வோம். யூரோப்பாவில் அது வினாடிக்கு வினாடி 1.31 மீட்டர், பூமியில் 9.8. பூமியில் 40 செ.மீ. எம்பிக் குதிப்பவர் அங்கே அதே வேகத்தில் கிளம்பினால் 3 மீட்டர் எழும்பி, நான்கு வினாடிக்குச் சற்று மேல் காற்றில்லா வெளியில் தொங்கிவிட்டு இறங்குவார். என்செலடஸில் அதே குதிப்பு ஏறக்குறைய 35 மீட்டர் உயரம் போகும். தரை தொட 50 வினாடி ஆகும். 50 வினாடி என்பது நீண்ட நேரம். அதற்குள் ஒரு வாக்குவாதம் தொடங்கி முடிந்துவிடலாம், குதித்தவரைக் குறி வைத்துச் சுடவும் சாவகாசமாக நேரம் இருக்கும். அவரால் நடுவில் திசை திரும்ப முடியாது. மிராண்டாவின் உச்சியிலிருந்து விழுபவருக்கு அடியைத் தொட 12 நிமிடம். தொடும்போது வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர். ஈர்ப்பு குறைவு, அதனால் பிழைத்துவிடுவார் என்று எழுதினால் வாசகர் பிடித்துவிடுவார்.

இன்னொரு வழக்கமான தவறு, எடையையும் நிறையையும் குழப்புவது. 500 கிலோ பெட்டியை யூரோப்பாவில் இரண்டு பேர் தூக்கிவிடலாம், 67 கிலோ எடைபோலத்தான் இருக்கும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் அந்தப் பெட்டியை நிறுத்துவது முழு 500 கிலோவை நிறுத்துவதுதான். சுவருக்கும் அதற்கும் நடுவில் கை மாட்டினால் நசுங்கும். சரக்குக் கிடங்கு விபத்துகள் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும், வெடிகுண்டு தேவையில்லை.

3. வானத்தை ஒழுங்காக மாட்டுங்கள்

இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். பெரிய நிலாக்கள் எல்லாம் நம் சந்திரனைப்போல ஒரே முகத்தைத் தாய்க்கோளுக்குக் காட்டியபடி சுற்றுகின்றன. ஆகவே யூரோப்பாவில் வியாழன் உதிக்காது, மறையாது. அறைந்த ஆணிபோல ஒரே இடத்தில் நிற்கும். பிறை மட்டும் வளர்ந்து தேயும். மறுபக்கத்தில் குடியிருப்பவர் வாழ்நாள் முழுக்க வியாழனைப் பார்க்காமலே இருக்கலாம். 'வியாழன் மெல்ல எழுந்தது' என்று எழுத ஆசையாக இருந்தால், உங்கள் ஆளை வண்டியில் ஏற்றி எல்லையைத் தாண்டி ஓட்டுங்கள். எழுவது அவருடைய பயணத்தால்தான்.

அளவைக் கணக்கிட: கோளின் விட்டத்தைத் தூரத்தால் வகுத்து 57.3ஆல் பெருக்கினால் டிகிரி கிடைக்கும். வியாழனின் விட்டம் 1,43,000 கி.மீ., யூரோப்பாவின் தூரம் 6,71,000 கி.மீ. விடை 12 டிகிரி. நம் சந்திரன் அரை டிகிரி என்பதால் இது குறுக்களவில் 24 சந்திரன்கள். அயோவிலிருந்து 19 டிகிரி, கலிஸ்டோவிலிருந்து நான்கு சொச்சம்.

இதிலிருந்து ஒரு பரிசு கிடைக்கும். வியாழன் நேர் தலைக்கு மேல் நிற்கும் இடத்தில், சூரியன் உச்சிக்கு வரும்போது அதன் பின்னால் போய்விடும். யூரோப்பாவின் ஒரு பகலிரவு 85 மணி நேரம். ஒவ்வொரு நடுப்பகலிலும் ஏறக்குறைய 3 மணி நேரம் கிரகணம். நள்ளிரவில் முழு வியாழன் ஒளிவீசும். உச்சிவேளையில் இருட்டும் நள்ளிரவில் வெளிச்சமும் இருக்கிற ஊரில் எது வேலை நேரம், எது திருட்டு நேரம் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

சனியின் வளையங்களுக்கு வருவோம். டைட்டன், என்செலடஸ், ரியா எல்லாம் கிட்டத்தட்ட வளையத்தின் தளத்திலேயே சுற்றுகின்றன. அங்கிருந்து பார்த்தால் வளையம் பக்கவாட்டில்தான் தெரியும்: சனியின் குறுக்கே இழுத்த ஒரு மெல்லிய கோடு. முதன்மை வளையங்கள் 2 லட்சத்து 80 ஆயிரம் கிலோமீட்டர் அகலம் விரிந்தும் பெரும்பாலான இடங்களில் பத்து மீட்டர் அளவே தடிமன் உள்ளவை. டைட்டனின் தரையிலிருந்து அந்தக் கோடுகூடத் தெரியாது, புகைமூட்டம் மறைத்துவிடும். அட்டைப்பட வளையம் வேண்டுமென்றால் இயபெடஸுக்குப் போங்கள். அதன் பாதை ஏறக்குறைய 15 டிகிரி சாய்ந்தது; வளையங்கள் விரிந்து தெரியும் பெரிய நிலா அது ஒன்றுதான். ஒரு பாதி கரிபோலவும் மறுபாதி பனிபோலவும் இருப்பது உபரி.

வெளிச்சம் பற்றியும் ஒரு பொய் உலவுகிறது: நெப்டியூன் பக்கம் கும்மிருட்டு என்பார்கள். அங்கே சூரிய ஒளி பூமியில் உள்ளதில் 900இல் ஒரு பங்கு. உச்சிவெயில் ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) என்றால் அங்கே நூறு சொச்சம். விளக்குப் போட்ட வரவேற்பறை அளவு அது. பௌர்ணமி நிலவைவிடச் சில நூறு மடங்கு அதிகம். தாராளமாகப் புத்தகம் படிக்கலாம். வித்தியாசம் நிழலில்தான்: சூரியன் ஒரு புள்ளி, ஆகவே நிழல்களின் ஓரம் கத்தரித்ததுபோல இருக்கும்.

4. பயணமும் பேச்சும்

உண்மை விண்கலங்களின் கால அளவு நல்ல அடித்தளம். காசினி 1997 அக்டோபரில் கிளம்பி 2004 ஜூலையில் சனியைச் சேர்ந்தது. ஜூனோ வியாழனுக்கு ஐந்து ஆண்டு எடுத்துக்கொண்டது. நியூ ஹொரைசன்ஸ் 13 மாதத்தில் வியாழனைக் கடந்துவிட்டது, ஆனால் நிற்கவில்லை. நிற்பதற்குத்தான் எரிபொருள் தின்னும். உங்கள் கப்பல் நின்று இறங்குகிறதா, கடந்துபோகிறதா என்பதை முதலிலேயே தீர்மானியுங்கள்.

கற்பனை எந்திரம் வேண்டுமென்றால் பாதி வழி வேகமெடுத்து, மீதி வழி வேகத்தைக் குறைக்கும் கப்பலுக்கு ஒரு சூத்திரம்: தூரத்தை முடுக்கத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்குங்கள். பூமியும் வியாழனும் நெருங்கி வரும்போது சராசரித் தூரம் 63 கோடி கிலோமீட்டர். பூமி ஈர்ப்பில் நூறில் ஒரு பங்கு முடுக்கம் என்றால் ஏறக்குறைய 59 நாள். முழு ஈர்ப்பு அளவு முடுக்கம் என்றால் ஆறு நாள். ஆனால் நடுவழி வேகம் வினாடிக்கு 2,500 கிலோமீட்டரைத் தொடும். அப்படி ஓடும் எந்தக் கப்பலும் ஓர் ஆயுதம்தான். யாரிடம் சாவி இருக்கிறது என்பது உடனே அரசியல் ஆகிவிடும். வேகமான எந்திரத்தைக் கொடுத்துவிட்டு அந்த அரசியலை மறந்துவிடாதீர்கள்.

பேச்சுக்கு: பூமிக்கும் வியாழனுக்கும் ஒரு வழி 33 முதல் 54 நிமிடம், சனிக்குச் சராசரியாக 80 நிமிடம், நெப்டியூனுக்கு 4 மணி நேரம். 'அம்மா, சாப்பிட்டாயா?' என்று டைட்டனிலிருந்து கேட்டால் பதில் வருவதற்குள் அடுத்த வேளை பசி எடுத்திருக்கும். ஆகவே உரையாடல் காட்சியைக் கடிதக் காட்சியாக மாற்றுங்கள். இரண்டு பக்கச் செய்திகளும் வழியில் குறுக்கே கடந்துபோவதுதான் இங்கே நாடகம்: மன்னிப்புக் கேட்ட செய்தி புறப்பட்ட அரை மணியில் திட்டிய செய்தி வந்து சேரும். சூரியன் நடுவில் வரும்போது சில நாட்கள் தொடர்பு குலைந்துவிடும். வியாழனுக்கு இது ஏறக்குறைய 13 மாதத்துக்கு ஒரு முறை.

5. டைட்டன்: ஒரு கதவைத் திறந்து மூடும் வேலை

வெளிக்கோள்களில் மனிதர் அழுத்த உடையில்லாமல் நிற்கக்கூடிய ஒரே தரை டைட்டன். காற்றழுத்தம் பூமியைப்போல ஒன்றரை மடங்கு. ஆக்ஸிஜன் முகமூடியும் கடுங்குளிர் உடையும் போதும். உடை கிழிந்தால் ஆள் வெடிக்கமாட்டார், கண் பிதுங்காது. மைனஸ் 179 டிகிரிக் காற்று உள்ளே நுழையும், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' ஆளைக் கொல்ல சில நிமிடம் போதும். காற்று நம்முடையதைவிட நான்கு மடங்குக்கு மேல் அடர்த்தி, ஈர்ப்பு ஏழில் ஒரு பங்கு. கை கால் விரித்து விழுபவரின் உச்ச வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் அளவுதான். கையில் இறக்கை கட்டிப் பறக்கலாம் என்பது கணக்கிலேயே வருகிறது. ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள மீத்தேன் மழைத்துளி வினாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில், பஞ்சுபோல இறங்கும். நீர்ப்பனிக்கட்டி அங்கே பாறை. மீத்தேன் கடலில் போட்டால் மூழ்கிவிடும். படகு நீரில் மிதப்பதைவிட ஆழமாக அமிழும், ஏனென்றால் திரவத்தின் அடர்த்தி பாதிதான்.

நெருப்பு பற்றி எல்லோரும் பயப்படுவது தலைகீழ். மீத்தேன் இவ்வளவு இருந்தும் டைட்டன் பற்றிக்கொள்ளாது, ஏனென்றால் ஆக்ஸிஜன் இல்லை. ஆபத்து வீட்டுக்கு உள்ளேதான். வெளியிலிருந்து வருபவரின் உடையிலும் காலணியிலும் மீத்தேன் ஊறியிருக்கும். காற்றுப்பூட்டு அறையின் (வெளிக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள இருகதவு அறை) வெப்பத்தில் அது ஆவியாகும். அறைக்காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் ஒரு பொறி போதும். ஆகவே அறையில் முதலில் நைட்ரஜனால் அலசல், பிறகு உடைக்குச் சூடு, பிறகு அளவுமானி பூஜ்யம் காட்டும்வரை காத்திருப்பு, அதன் பிறகே ஆக்ஸிஜன். அவசரத்தில் யாராவது மூன்றாவது படியைத் தாண்டிக் குதித்தால் உங்களுக்குக் கதை கிடைத்துவிட்டது.

வீட்டைத் தரையோடு ஒட்டிக் கட்டாதீர்கள். 2005 ஜனவரி 14இல் ஹைகன்ஸ் கலம் இறங்கியதும் அதன் சூட்டில் நிலத்திலிருந்து மீத்தேன் ஆவியாகி வந்ததைக் கருவிகள் பதிவு செய்தன. ஒரு சின்னக் கலத்துக்கே அப்படி. சூடான குடியிருப்பு என்றால் அடியில் நிலம் கொதித்து இளகும். கால்கள் நட்டு உயர்த்தித்தான் கட்ட வேண்டும்.

6. யூரோப்பாவின் துளை

பனியைத் துளைத்துக் கடலுக்குள் இறங்கும் கதையை எல்லோரும் எழுத விரும்புவார்கள். பனியின் தடிமனை 20 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பூமியில் மனிதர் தோண்டிய மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலாவில், 12,262 மீட்டர். 1970இல் தொடங்கி அந்த ஆழத்தை எட்ட 1989 ஆயிற்று. பனியை உருக்கி இறங்கும் கருவி அதைவிட வேகமாகப் போகலாம், ஆனால் அதன் பின்னாலேயே நீர் உறைந்து துளை மூடிக்கொள்ளும். இறங்கியவர் வந்த வழியே ஏற முடியாது. மேலே செய்தி அனுப்பும் கம்பி வழியெங்கும் பனிக்குள் புதைந்திருக்கும். வியாழனின் ஈர்ப்பு பனியை இழுத்து நெளிக்கும்போது அந்தக் கம்பி அறுந்தால் பேச்சு நின்றுவிடும்.

துளை திறந்ததும் கடல் பீறிட்டு வானத்துக்குப் பாய்வது பிரபலமான காட்சி. மிதக்கும் பனியின் கணக்கு வேறு. பனி நீரைவிட எட்டு சதவீதம் லேசு. ஆகவே 20 கிலோமீட்டர் துளையில் நீர் பதினெட்டரை கிலோமீட்டர் அளவு ஏறி, மேற்பரப்புக்கு ஒன்றரை கிலோமீட்டர் கீழேயே நின்றுவிடும். மேல்மட்டம் வெற்றிடத்தில் ஒரே நேரத்தில் கொதித்தும் உறைந்தும் மூடி போட்டுக்கொள்ளும். பீறிடல் வேண்டுமானால் கடல் அழுத்தம் ஏறியிருக்க ஒரு காரணம் சொல்லுங்கள். பனிக்கு அடியில் அழுத்தம் ஏறக்குறைய 240 வளிமண்டலம். அதற்குக் கீழே இன்னும் 100 கிலோமீட்டர் ஆழம் என்றால் அடித்தரையில் 1,500ஐத் தாண்டும். மரியானா அகழியில் சுமார் 1,100தான். ஆகவே நீர்மூழ்கி புதிய விதமாக இருக்க வேண்டும், ஆனால் நம்ப முடியாததாக இருக்காது.

7. தரையில்லாத கோள்கள், மூச்சுக்காற்று

வியாழனில் 'இறங்க' முடியாது, தரை கிடையாது. 1995 டிசம்பர் 7இல் கலிலியோ விண்கலத்தின் சிறுகலம் உள்ளே போய் 58 நிமிடம் செய்தி அனுப்பிவிட்டு அடங்கியது. மிதக்கும் நகரம் வேண்டுமென்றால் ஹீலியம் பலூன் உதவாது. சுற்றிலும் ஹைட்ரஜன் என்பதால் ஹீலியம் அங்கே கனம். சூடேற்றிய ஹைட்ரஜன்தான் வழி, எந்திரம் நின்றால் நகரம் இறங்கத் தொடங்கும். மேகமட்டத்தில் ஈர்ப்பு வியாழனில் இரண்டரை மடங்கு, சனி, யுரேனஸ், நெப்டியூனில் பூமியை ஒட்டியே இருக்கும். தப்பிக்கும் வேகம் (கோளின் ஈர்ப்பை உதறி வெளியேறத் தேவையான வேகம்) யுரேனஸில் வினாடிக்கு 21 கி.மீ., வியாழனில் 59.5. எரிவாயு எடுத்து விற்கும் கதைக்கு யுரேனஸ்தான் லாபம்.

ஒரு மனிதருக்கு நாளொன்றுக்கு 840 கிராம் ஆக்ஸிஜன் வேண்டும். அதற்கு 950 கிராம் நீரை மின்னால் பிரித்தால் போதும். பனி நிலாக்களில் நீருக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் மின்சாரத்துக்கும் நைட்ரஜனுக்கும் உலோகத்துக்கும்தான். ஜூனோவின் மூன்று பெரிய சூரியத் தகடுகள் பூமியருகே 14 கிலோவாட் தரும். வியாழனில் சுமார் 500 வாட். ஆகவே அணு உலை யார் கையில் என்பதே அங்கே அதிகாரம்.

8. மொழியைத் தட்டிப் பாருங்கள்

தமிழில் எழுதும்போது மட்டும் வரும் சிக்கல்கள் சில. 'யூரோப்பா' என்று எழுதுங்கள். 'ஐரோப்பா' என்று எழுதினால் கண்டம் நினைவுக்கு வந்து சிரிப்பு வரும். 'பனி' என்ற ஒரு சொல்லை நாம் மூடுபனி, உறைபனி, பனிக்கட்டி எல்லாவற்றுக்கும் நீட்டுகிறோம். பனியே பாறையாக இருக்கும் இடத்தில் இது குழப்பும். பனிப்பாறை, பனித்தூள் என்று பிரித்து, கடைசிவரை மாற்றாதீர்கள். 'நாள்' என்றால் 24 மணி நேரம் என்று வைத்துக்கொண்டு, நிலாவின் பகலிரவுக்குச் 'சுற்று' போன்ற ஒரு சொல்லை ஒதுக்குங்கள்.

பெரிய பொறி ஒலிக்குறிப்புச் சொற்களில் இருக்கிறது. மடமட, சலசல, டமார், பொத்தென்று: இவை எல்லாம் காற்றையும் பூமி ஈர்ப்பையும் வைத்துப் பிறந்தவை. டைட்டனில் ஒலி உண்டு, ஆனால் வினாடிக்கு 200 மீட்டருக்கும் குறைவாக, பூமியைவிட மெதுவாகப் போகும். யூரோப்பாவின் வெளிப்பரப்பில் 'டமார்' கிடையாது. காலணி வழியாக வரும் அதிர்வுதான். எழுதி முடித்ததும் பிரதியில் 'விழு', 'சட்டென்று', 'சத்தம்', 'விடிந்தது', 'எழுந்தது' என்று தேடுங்கள். ஒவ்வொன்றையும் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

என்செலடஸ் குடியிருப்பில் 'கோப்பை பொத்தென்று விழுந்து சுக்குநூறானது' என்று இருந்தால் அடித்துவிடுங்கள். ஒரு மீட்டர் மேசையிலிருந்து அது தரைக்கு வர நான்கு வினாடிக்கு மேலாகும், வந்தாலும் உடையாது. 'கோப்பை மேசை விளிம்பைத் தாண்டி நழுவியது. அவள் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிட்டுக் குனிந்தாள். அது இன்னும் தரைக்கு வந்து சேரவில்லை.'